சண்முகவேல் அண்ணாச்சியின் இடது கால்

வண்டி பாவூர்சத்திரம் சந்தை நிறுத்தத்தில் நின்றபோது செய்தி வந்தது. பின்படிக்கட்டு வழியாக யாரோ கத்தரிக்காய் மூட்டையை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் மெஷினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைபேசியை எடுத்தேன். பேச்சியம்மாள் மதினி பேசினார். குரலில் அழுகை இல்லை.

"இசக்கி, உங்க அண்ணாச்சி போயிட்டாவ. வண்டிய ஓரமா நிப்பாட்டச் சொல்லு. கீழ எறங்கி நின்னு அழு. சனங்க முன்னால வண்டிக்குள்ள நின்னு அழாத, அவுகளுக்குப் பிடிக்காது."

நான் இறங்கவும் இல்லை, அழவும் இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அண்ணாச்சி மூன்று நாளாகத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்க, நான் பாவூர்சத்திரத்தில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். "சீசன் நேரம்லா, டிரைவரும் இல்ல, கண்டக்டரும் இல்லைன்னா வண்டி எப்படி ஓடும்?" என்று கேட்டிருந்தார் முதலாளி. நானும் சரி என்று வந்திருந்தேன். அந்தச் சரியை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அண்ணாச்சியின் படம் போட்டுச் சிறு நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். பதினோரு வருடம் கூட வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் "நல்லதா நாலு வரி" கேட்டார்கள். நல்லது எழுத நிறைய இருக்கிறது. ஆனால் நல்லதை மட்டும் எழுதிக் கொடுத்தால் அது அவருக்குச் செய்யும் துரோகம். அச்சடிப்பவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். நான் நடந்ததை எழுதுகிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். இலஞ்சிக்காரர். குமாரர் கோயில் இருக்கும் ஊரில் பிறந்தவருக்குச் சண்முகவேல் என்று பெயர் வைத்ததில் ஆச்சரியமில்லை. வயது நாற்பத்தாறு. செங்கோட்டையிலிருந்து தென்காசி, பாவூர்சத்திரம் வழியாகத் திருநெல்வேலி போகும் தனியார் பேருந்தில் ஓட்டுநர். பீடி, சிகரெட், குடி எதுவும் கிடையாது. தினமும் காலையில் பழைய செய்தித்தாளை நனைத்து முன்கண்ணாடியை அவரே துடைப்பார். கிளீனரைத் தொடவிட மாட்டார். கோபக்காரர். வளைவில் முந்துகிற ஆட்களை அவர் திட்டும் திட்டில் முன்சீட்டுப் பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கண்டக்டர் இரண்டு விசில் அடித்தால் வண்டியை எடுப்பதுதான் எந்த ஓட்டுநருக்கும் வழக்கம். அண்ணாச்சி எடுக்க மாட்டார். திரும்பிப் பார்க்காமலே, "ஒருத்தரும் கீழ இல்லையேலே?" என்று கேட்பார். நான் எட்டிப் பார்த்து, "இல்ல அண்ணாச்சி" என்று சொன்ன பிறகுதான் கியர் விழும். முதல் வருடம் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. விசில் அடித்த பிறகு எதற்குக் கேள்வி என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "விசில் கைப்பழக்கத்துல வந்துரும்லே. வாயால சொல்லணும்னா கண்ணால பாக்கணும்லா?" என்றார்.

அவருக்கு வாலிப வயதிலிருந்தே ஒற்றைத் தலைவலி உண்டு. வலி வருவதற்கு முன் பார்வையின் ஓரத்தில் வெளிச்சம் நெளியுமாம். "கண்ணுக்குள்ள எவனோ வெல்டிங் அடிக்கான்லே" என்று வண்டியை ஓரங்கட்டிப் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்காருவார். பித்தம், சூடு, கண்ணாடி போடணும், தலைக்கு எண்ணெய் வைக்கணும் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். எங்கள் ஊரில் வியாதிக்குக் காரணம் சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலை நேரம், செங்கோட்டையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவர் கையிலிருந்த கிளாஸ் நழுவி விழுந்தது. வலது கை தொங்கியது. "என்ன அண்ணாச்சி?" என்றேன். ஏதோ சொல்ல வந்தார், குழறலாகத்தான் வந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. கால்மணி நேரம்கூட இருக்காது. பிறகு கை வந்தது, பேச்சு வந்தது, கிளாஸ் உடைந்ததற்கு டீக்கடைக்காரரிடம் மன்னிப்பும் கேட்டார். அதன் பிறகு வண்டியையும் எடுத்தார். நான் இரண்டு விசில் அடித்தேன். அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டிய ஒரே காரியம் அந்தச் சாவியைப் பிடுங்குவது.

சாயங்காலம் பக்கத்துக் கிளினிக் ஒன்றில் காட்டினோம். ரத்த அழுத்தம் பார்த்தார், சரியாக இருந்தது. "கேஸ்தான். இந்த வயசுல ஸ்ட்ரோக் எல்லாம் வராது" என்று மாத்திரை எழுதினார் அங்கிருந்த டாக்டர். கை விழுந்து வாய் குழறி வந்த மனிதருக்கு வாயு மாத்திரை! பேச்சியம்மாள் மதினி மட்டும் விடவில்லை. "கேஸ் வயித்துல இருக்கும். நாக்கு எதுக்கு இழுக்கும்?" என்று கேட்டு, தென்காசியில் வேறொரு பெரிய டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். எட்டாம் வகுப்பு படித்த மதினிக்குத் தோன்றிய கேள்வி அந்தக் கிளினிக் டாக்டருக்குத் தோன்றவில்லை.

தலையை ஸ்கேன் எடுத்ததில் மூளையில் சிறிய தழும்பு தெரிந்தது. ரத்தக் கட்டி ஒன்று போய் அடைத்துவிட்டு, நல்ல காலம், கரைந்திருக்கிறது. சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு இல்லை, இதயத் துடிப்பும் ஒழுங்காக இருந்தது. அப்படியானால் கட்டி எங்கிருந்து வந்தது? அதைக் கண்டுபிடிக்கத்தான் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். அங்கே இதய மருத்துவராக ஓர் இளம்பெண் இருந்தார். அண்ணாச்சி அவரை டாக்டரம்மா என்றே கடைசிவரை சொன்னார்.

அந்தப் பரிசோதனையின்போது நான் அறைக்குள் இருந்தேன். உப்புத் தண்ணீரை இரண்டு சிரிஞ்சுகளுக்கு இடையே முன்னும் பின்னும் தள்ளிக் கலக்கி, பொடிக் குமிழிகளாக நுரைக்க வைத்துக் கை நரம்பில் ஏற்றினார்கள். நெஞ்சின் மேல் எக்கோ கருவி. திரையில் இதயம் துடித்தது. "மூச்சை அடக்கி நல்லா முக்குங்க... இன்னும்... இப்ப விடுங்க" என்றார் டாக்டரம்மா. திரையின் ஒரு பக்கத்தில் குமிழிகள் வெள்ளையாக வந்து நிறைந்தன. அவர் மூச்சை விட்டதும் அதில் ஒரு கூட்டம் நடுச்சுவரைத் தாண்டி மறுபக்கம் போனது.

"அங்கிட்டுப் போகக் கூடாது. போகுது பாருங்க" என்றார் டாக்டரம்மா.

அண்ணாச்சி படுத்தபடியே என்னைப் பார்த்தார். "ஏலே இசக்கி, டிக்கெட் எடுக்காம ஒரு கூட்டமே உள்ள போகுது. விசில் அடி."

டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். பிறகு தொண்டை வழியாகக் குழாய் ஒன்றை விழுங்க வைத்து, இன்னும் கிட்டத்தில் பார்த்து உறுதி செய்தார். அதன் பெயரை ஒரு தாளில் எழுதித் தந்தார்: பேட்டன்ட் ஃபொராமென் ஓவேல். சுருக்கமாகப் பி.எஃப்.ஓ. எங்களுக்குப் புரியும்படி அவர் சொன்னதை இங்கே எழுதுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது உதவும்.

"அம்மா வயித்துக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு நுரையீரலுக்கு வேலை இல்ல. அதனால ரத்தம் வலது பக்கத்துல இருந்து இடது பக்கத்துக்கு நேரா போறதுக்கு இதயத்துல ஒரு சின்னக் கதவு உண்டு. பிறந்து மூச்சு விட்டதும் அது சாத்திக்கும், கொஞ்ச நாள்ல ஒட்டிக்கும். நாலு பேர்ல ஒருத்தருக்கு ஒட்டாமலே இருக்கும். அதுல முக்காவாசிப் பேருக்கு அது இருக்கிறதே தெரியாது, ஒண்ணும் பண்ணவும் பண்ணாது. உங்களுக்குப் பண்ணியிருக்கு. கால் நரம்புல ரத்தம் உறைஞ்சு ஒரு கட்டி கிளம்பினா சாதாரணமா அது நுரையீரலுக்குத்தான் போகும். உங்களுக்கு, முக்கும்போதோ இருமும்போதோ அந்தக் கதவு திறந்தா, அது வழியா நேரா மூளைக்குப் போயிரலாம்."

தலைவலிக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எழுதினார். அதோடு, அந்தக் கதவை அடைத்துவிடுவதுதான் நல்லது என்றார். துளை பெரிது, வயது குறைவு, வேறு காரணமும் கிடைக்கவில்லை. நெஞ்சைக் கிழிக்க வேண்டாமாம். தொடை நரம்பு வழியாக மெல்லிய குழாயை விட்டு, மடக்கிய குடை போன்ற சிறு மூடியைக் கொண்டுபோய்ச் சுவரின் இரண்டு பக்கமும் விரித்து அடைத்துவிடுவார்களாம். ஓரிரு நாளில் வீடு திரும்பலாம்.

அண்ணாச்சி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வண்டி எப்ப எடுக்கலாம்?"

"அடைச்சு, சில மாசம் கழிச்சுத் திரும்பப் பரிசோதிச்சுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதுவரைக்கும் பஸ் ஓட்டக் கூடாது. இன்னிக்கிலிருந்தே ஓட்டக் கூடாது. நீண்ட நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்காராதீங்க, தண்ணி நிறையக் குடிங்க. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ வலிச்சாலோ அன்னிக்கே வாங்க."

இதைவிடத் தெளிவாக ஒரு மருத்துவர் சொல்ல முடியாது. ஒரு கால் மட்டும் வீங்கினால் அன்றைக்கே வாருங்கள். என் காதால் கேட்டேன்.

அண்ணாச்சி ஏன் கேட்கவில்லை என்பதற்கு எங்கள் கம்பெனி ஷெட்டின் கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களோடு ஓட்டிய இன்னொரு டிரைவருக்குச் சர்க்கரையில் கண் மங்கியது. ஒளிக்காமல் முதலாளியிடம் போய்ச் சொன்னார். முதலாளி சாவியை வாங்கிக்கொண்டு அவரை வாட்ச்மேன் ஆக்கினார். பதினெட்டு வருடம் ஓட்டிய மனிதர், தான் ஓட்டிய அதே வண்டிக்குக் காலையில் கேட்டைத் திறந்துவிட்டார். திறந்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். அண்ணாச்சி ஒவ்வொரு நாளும் அந்த கேட்டைத் தாண்டும்போது அவருக்கு வணக்கம் வைப்பார்.

திருநெல்வேலியிலிருந்து திரும்பி வரும்போது அண்ணாச்சி என்னிடம் சொன்னார். "அந்த கேட்டைத் தொறக்குறதுக்குப் பதிலா நான் செத்துப்போவேன்லே. நீ வாயத் தொறக்கக் கூடாது."

நான் வாயைத் திறக்கவில்லை. முதலாளியிடம் மூலத்துக்கு வைத்தியம் என்று சொல்லி ஒரு மாதம் லீவு போட்டார். லீவு முடிந்ததும் வந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தார். நான் பின்னால் நின்று விசில் அடித்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும்: ஒவ்வொரு நடையிலும் அறுபது பேர் உயிரை வைத்துத்தான் நாங்கள் அந்த ரகசியத்தைக் காப்பாற்றினோம். அவர்கள் யாரும் எங்களுக்கு அந்த அனுமதியைத் தரவில்லை. உண்மையைச் சொன்ன டிரைவருக்குக் கேட்டைக் கொடுத்த முதலாளி மேல் எனக்குக் கோபம் உண்டு. அந்தக் கோபத்தில் என் பங்கை மறைத்துக்கொள்ள முடியாது.

அடைப்பதற்கு மதினி இரண்டு முறை நாள் குறித்தார். முதல் முறை, அண்ணாச்சியின் தங்கை வடகரையிலிருந்து ஓடி வந்தார். "பிறந்ததுல இருந்து இருக்கிற ஓட்டைய இப்பப் போய் எதுக்கு நோண்டணும்? நெஞ்சுல ஓட்டைன்னு வெளிய தெரிஞ்சா நம்ம பிள்ளைய எவன் கட்டுவான்?" என்றார். அண்ணாச்சியின் மகள் அப்போது கல்லூரியில் முதலாம் ஆண்டுதான். அந்தப் பிள்ளையோ, "என்னக் கட்டுதவனுக்கு எங்கப்பா நெஞ்சு எதுக்கு, அத்தை?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டது. அந்த வீட்டில் பெண்கள் இருவருக்கு மட்டும் புத்தி இருந்தது. முடிவெடுத்தது மற்றவர்கள்.

இரண்டாம் முறை அண்ணாச்சியே தள்ளிப்போட்டார். "சாரல் முடியட்டும் பேச்சி. சீசன்ல லீவு கேட்டா நோண்டி நோண்டி விசாரிப்பான். முடிஞ்சதும் நானே சொல்லிட்டுப் படுத்துக்கிடுதேன்." மாத்திரையையும் அதற்கு முன்பே நிறுத்தியிருந்தார். போன ஐப்பசியில் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்தார். வெறும் வயிற்றில் அந்த மாத்திரை எரிக்கும் என்று நிறுத்தியவர், விரதம் முடிந்த பிறகும் எடுக்கவில்லை. "ஆறு நாள் போடாம ஒண்ணும் ஆகலையே, பின்ன எதுக்கு?" என்றார். முருகனா மாத்திரை போட வேண்டாம் என்று சொன்னார்?

இந்த ஆண்டு சாரல் நன்றாக விழுந்தது. வழக்கமான நடையோடு சனி, ஞாயிறுகளில் குற்றாலத்துக்குக் கூடுதல் நடையும் போட்டார்கள். விடியற்காலை ஏறி உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். தண்ணீர் குடிக்க மாட்டார். குடித்தால் கூட்டத்துக்கு நடுவே ஒதுங்க இடம் தேட வேண்டும். அந்த வாரம் வியாழக்கிழமை, "இடது கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குலே, கிளட்ச் மிதிக்க முடியல" என்றார். வெள்ளிக்கிழமை பேண்டைத் தூக்கிக் காட்டினார். வலது காலைவிட இடது கால் பருத்துப் பளபளப்பாக இருந்தது.

டாக்டரம்மா சொன்னது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை என்று எழுதினால் பொய். ஞாபகம் வந்தது. ஆனால் கிளட்ச் மிதிக்கிற காலுக்குப் பிடிப்பு வருவது டிரைவர்களுக்குச் சகஜம். குற்றாலத்தின் காலடியிலேயே இருக்கிற எங்களுக்கு உடம்பில் எங்கே பிடித்தாலும் ஒரே வைத்தியம்தான்: எண்ணெய் போட்டு நன்றாகத் தேய்த்து, அருவியில் போய் நிற்பது. வெளியூர்க்காரன் எங்கிருந்தோ வந்து நின்றுவிட்டுப் போகிறான், நமக்கு என்ன கேடு? அந்த எண்ணம் என் ரத்தத்தில் ஊறியது. "ஞாயித்துக்கிழமை குத்தாலத்துல ரெண்டு மணி நேரம் நிக்கோம்லா, ஒரு தேய்ப்பு தேய்ச்சுட்டா சரியாப் போகும் அண்ணாச்சி" என்றேன். யாரும் சொல்லித் தரவில்லை. நானே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குக் குற்றாலத்தில் வண்டியை நிறுத்தினோம். அருவிக்குப் போகும் வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்சம் வயதான ஒருவரிடம் அண்ணாச்சியை உட்கார வைத்தேன். தோளையும் முதுகையும் தேய்த்தவர், இடது காலுக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டார். புறங்கையை வைத்துப் பார்த்தார். அடுத்த காலையும் தொட்டுப் பார்த்தார்.

"இந்தக் காலு மட்டும் சுடுது. வீக்கமும் ஒரு காலுலதான் இருக்கு. நான் கை வைக்க மாட்டேன் பாத்துக்கிடுங்க. ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்க."

அண்ணாச்சி எழப் போனார். அவர் எழுந்துவிட்டார், அதுதான் உண்மை. நான்தான் அந்த மனிதரிடம் சண்டைக்குப் போனேன். "ஓம்ம வேலை தேய்க்கது. வைத்தியம் சொல்லுதது இல்ல. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லும்வே" என்று கத்தினேன்.

அவர் கத்தவில்லை. "முடியாதுய்யா" என்றார்.

நாலு ஆள் தள்ளி வேறொருவர் இருந்தார். இளவட்டம், நல்ல உடம்பு. "கெண்டைக்கால நல்லா அமுக்கி விடுங்க" என்று சொன்னதும் நான்தான். கட்டை விரல்களை வைத்து, கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் அழுத்தி அழுத்தி மேலே தள்ளினார். அண்ணாச்சிக்கு வலித்தது, முகத்தைச் சுளித்தார். பிறகு, "சொகமாத்தான் இருக்குலே" என்றார். என் மனம் நோகக் கூடாது என்று சொன்னாரோ என்னவோ.

அப்புறம் பெரிய அருவி. கூட்டத்தில் நெருக்கி உள்ளே போனோம். அருவிக்குள் நின்றவர்களுக்குத் தெரியும். தண்ணீர் தலையில் அறையும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பை இறுக்கித்தான் நிற்க வேண்டும். கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி அப்படித்தான் நின்றார். இறுக்கினார், விட்டார், மறுபடி இறுக்கினார். திருநெல்வேலியில் அந்த இருட்டறையில் டாக்டரம்மா செய்யச் சொன்ன அதே காரியம். அன்றைக்கு ரத்தத்துக்குள் போனது நுரை. இன்றைக்கு என்ன கிளம்பியிருந்தது என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பன்னிரண்டரைக்கு வண்டி நிறைந்துவிட்டது. நான் பின்னால் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். முன்னால் டிரைவர் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஏறிவிட்டார் என்று நினைத்தேன். எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு விசில் அடித்தேன். "ஒருத்தரும் கீழ இல்லையேலே?" வரவில்லை. நேரமாகிறதே என்று மறுபடியும் இரண்டு விசில் அடித்தேன். அப்போதுதான் முன்சீட்டிலிருந்து ஒரு பெண் அலறினார்.

டிரைவர் கதவு திறந்தபடி இருந்தது. அண்ணாச்சி முன் டயர் பக்கத்தில் கிடந்தார். இடது கால் செருப்பு மட்டும் ஏறும் படியில் இருந்தது. வலது கை விழுந்திருந்தது. கண் என்னைப் பார்த்தது, வாய் எதையோ சொல்லப் பார்த்தது. பத்து நிமிடம் கழித்து இது நடந்திருந்தால் அந்த வண்டியில் இருந்த குடும்பங்களை யார் கணக்கில் எழுதுவது? அதையும் நினைத்துப் பார்த்துவிட்டேன்.

முதலில் கொண்டுபோன தென்காசி ஆஸ்பத்திரியிலிருந்து திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். மூளையின் பெரிய ரத்தக்குழாயே அடைபட்டிருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூளையில் வீக்கம் வைத்துவிட்டது. பணியிலிருந்த மருத்துவர் காலைப் பார்த்துவிட்டு, "இதை யாராவது அழுத்தித் தேய்ச்சீங்களா?" என்று கேட்டார். மதினி என்னைப் பார்த்தார். "இல்ல" என்றேன். அந்த "இல்ல" பொய் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. மதினி, இதைப் படிக்கும்போது தெரிந்துகொள்வீர்கள்: நான் தேய்க்க வைத்தேன். ஒருவர் தடுத்தார். தடுத்தவரைத் திட்டினேன்.

இலஞ்சியில் உடலை எடுத்த அன்று வீட்டு வாசலில் பேசியதையெல்லாம் கேட்டேன். "விதி." "நேரம் வந்துட்டு." "குளிச்சு முழுகி, குத்தாலநாதர் காலடியில போயிருக்காவ, புண்ணிய ஆத்மா." முதலாளி பெரிய மாலையோடு வந்து, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று கண்ணைத் துடைத்தார். அதே தெருவில் நாலு வீடு தள்ளி, கேட் திறக்கிற அந்தப் பழைய டிரைவர் நின்றுகொண்டிருந்தார். அவர் முதலாளியை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். விதியாவது, நேரமாவது! வாயு மாத்திரை விதியா? "எவன் கட்டுவான்" விதியா? கால் சுடுகிறது என்று ஒரு மனிதர் வாய்விட்டுச் சொன்னாரே, அதைக் கேளாமல் போனது எந்தக் கிரகம்? பிள்ளையார் சுழி போட்டது பிறவியில் வந்த துளையாக இருக்கலாம். மிச்சம் முழுவதையும் நாங்கள்தான் எழுதினோம்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது அண்ணாச்சி. அறுபது பேருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று கண்ணாடியைத் துடைத்த மனிதர், உங்கள் நெஞ்சுக்குள் இருந்த கதவை அடைக்க ஓரிரு நாள் ஒதுக்கவில்லை. மதினி கேட்டார், பிள்ளை கேட்டது. அவர்களைவிட அந்த ஸ்டீயரிங் உங்களுக்குப் பெரிதாகப் போய்விட்டது. அதை விட்டால் நீங்கள் யார் என்று உங்களுக்கே தெரியவில்லை. எங்களுக்குத் தெரியும் என்பதையாவது நான் சொல்லியிருக்கலாம்.

நேற்று காலை குற்றாலம் போனேன். சாரல் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது. அந்த வயதான மனிதர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். கத்தப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, பாட்டிலை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார். அன்றைக்கு அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. வேலாயுதமாம்.

அவரே முதலில் கேட்டார். "அந்த அண்ணாச்சி காலு எப்படி இருக்கு? வீக்கம் வத்திட்டா?"

அன்றைக்கு அவரிடம் அரைமணி நேரம் உட்கார்ந்த ஆள். இத்தனை நாளும் அந்தக் காலை அவர் ஞாபகம் வைத்திருந்திருக்கிறார். நான் சொன்னேன். முழுவதும் சொன்னேன். எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே கேட்டார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்றுதான் போயிருந்தேன்.

"நான் இன்னும் கொஞ்சம் சத்தம் போட்டிருக்கணும்யா" என்றார்.

இத்தனை பேரில், ஒரு தப்பும் செய்யாத அந்த ஒருவர் மட்டும்தான் தன் மேல் தப்பு இருக்கிறது என்று சொன்னார். அங்கேதான், பத்துப் பன்னிரண்டு நாளாக வராத அழுகை எனக்கு வந்தது. மதினி சொன்னபடி கீழே நின்றுதான் அழுதேன்.

அண்ணாச்சி, நாளை மறுநாள் நான் மறுபடி வண்டியில் ஏற வேண்டும். புது டிரைவர் நல்ல பையன். விசில் அடித்தால் எடுத்துவிடுகிறான், எதுவும் கேட்பதில்லை. வண்டி எடுக்கும் முன் நீங்கள் கேட்கும் அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு நீங்கள் கேட்க முடியாமல் போனாலும் அது எனக்குக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. இரண்டு வருடமாக நான் உங்கள் பக்கம் எட்டிப் பார்க்காமலே விசில் அடித்திருக்கிறேன், நீங்கள் கீழே கிடந்தபோதும். இப்போது பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

ஒருத்தர் கீழ நிக்காவ, அண்ணாச்சி. எடுக்காதீங்க.